கைதட்டல் ரைடருக்கு... கோப்பை டிஃபென்டருக்கு!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் நினைவுக்கு வருவது சாலையோரம் விரிந்து கிடக்கும் உப்பளங்கள்தான். வெயில் காலத்தில் கண் கூசும் வெள்ளை. ஐப்பசி, கார்த்திகையில் அதே இடம் ஏரி மாதிரி கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. தை பிறந்து, தண்ணீர் வடிந்து, பாத்திகளை மிதித்து இறுக்கி அடுத்த சீசனுக்குத் தயார் செய்யும் வரை கையில் காசும் இருக்காது. இந்த மாதங்களைச் சமாளிக்கத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை 2022-ல் தமிழக அரசு தொடங்கியது.

அந்த இடைவெளி முடியும் நேரத்தில்தான் பொங்கல் வருகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் எல்லாவற்றையும் போலவே இந்தக் கரையிலும் பொங்கல் என்றால் கபடி. சுண்ணாம்புக் கோடு போட்ட களம், நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட், மைக் செட். யார் பெயரை மைக்கில் கத்துகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏறிப் பாடுகிறவன் பெயரைத்தான். விசில் அவனுக்கு. மறுநாள் டீக்கடையில் பேச்சும் அவனைப் பற்றித்தான். அவன் பாடி வரும்போது மூலையில் குனிந்து, அவன் கணுக்காலை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கும் பையனை ஊர் கண்டுகொள்வதில்லை.

சினிமாவும் இதற்குத் தப்பவில்லை. ‘கில்லி’யிலிருந்து இன்றுவரை கபடிப் படம் என்றால் ஹீரோ ரைடு போவார். இடது கார்னரில் நிற்கும் ஹீரோவை வைத்துப் படம் எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்!

ஆனால் பெரிய கோப்பைகளின் கதையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அந்த மூலைப் பையன்தான் திரும்பத் திரும்ப நடுவில் வந்து நிற்கிறான்.

ஒரு பிடிக்கு எத்தனை லாபம்?

ரைடர் ஒரே பாட்டில் இரண்டு, மூன்று பேரைத் தொட்டுவிட்டு வர முடியும். பிடிக்கிறவர்களுக்குக் கிடைப்பது ஒரு பாயின்ட். அப்படியானால் ரைடர்தானே பெரியவர்?

ஸ்கோர் போர்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். களத்தைப் பார்த்தால் கணக்கு வேறு. எதிரணியின் முதல் ரைடரைப் பிடித்து உட்கார வைத்தால் ஒரு பாயின்ட் வருகிறது. கூடவே நம் பக்கம் வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர் உள்ளே வருகிறார். எதிரணியில் ஓர் ஆள் குறைகிறார். அந்த ரைடர் திரும்ப உள்ளே வர வேண்டுமென்றால் அவருடைய கூட்டாளிகள் பாயின்ட் எடுக்க வேண்டும். அதுவரை அணியின் துருப்புச் சீட்டு பெஞ்சில். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு அந்த அணி இரண்டாம் நிலை ரைடர்களை நம்பி ஓடவேண்டும். அவர்களையும் பிடித்தால் ‘ஆல் அவுட்’, மேலும் இரண்டு பாயின்ட்.

புரோ கபடி லீக் விதிகள் இதை இன்னும் கூர்மையாக்கின. தொடர்ந்து இரண்டு ரைடுகள் வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. அதில் பாயின்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட். அதாவது, யாரையும் பிடிக்காமல், கட்டுக்கோப்பாகப் பின்னால் நகர்ந்து நிற்பதே எதிரணிக்குப் பொறி. இன்னொன்று ‘சூப்பர் டேக்கிள்’. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் இரண்டு பாயின்ட். தோற்றுக்கொண்டிருக்கும் அணி எழுந்து உட்காருவது பெரும்பாலும் இந்த ஒரு பிடியில்தான்.

நாற்பதைத் தாண்டிய ‘அண்ணா’

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதனை கபடி உலகம் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடும். தமிழ் தெரியாத ஹரியானா பையன்களும் அப்படியே கூப்பிட்டார்கள். 1975-ல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்ற வீரர்கள் பயிற்சியாளராக மாறும் வயதில் அவர் டிவியில் அறிமுகமானார்!

அவர் நின்ற இடம் வலது கார்னர். ஏழு பேர் வரிசையின் ஓரத்தில், எல்லாருக்கும் கடைசியாக நிற்கும் இடம். போனஸ் கோட்டைத் தாண்டக் கால் நீட்டும் ரைடரின் கணுக்காலைப் பிடிப்பது அங்கே நிற்பவரின் வேலை. ஒரு நொடி முந்தினால் ரைடர் கையை நீட்டித் தொட்டுவிடுவார். ஒரு நொடி பிந்தினால் நடுக்கோட்டை எட்டிவிடுவார். வேகத்தில் இருபது வயதுப் பையனிடம் தோற்கலாம். எப்போது கை போட வேண்டும் என்ற கணிப்பில் தோற்க மாட்டேன் என்பதுதான் சேரலாதனின் ஆட்டம்.

2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர் கேப்டன். அந்த அணி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ரைடர் பர்தீப் நர்வால். தவறில்லை. ஆனால் அதே அணியின் இரண்டு மூலைகளில் நின்றது யார்? வலது பக்கம் சேரலாதன். இடது பக்கம் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. அந்த சீசனின் சிறந்த டிஃபென்டர் விருது ஃபசலுக்குத்தான் போனது. ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று பாட்னா கோப்பையைத் தூக்கியது. பர்தீப் பாயின்ட்களை அள்ளினார். அள்ளியது சிந்தாமல் பார்த்துக்கொண்டவர்கள் பின்னால் இருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில், 41 வயதில், இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். இறுதியில் இந்தியா ஈரானை 38-29 என்று வென்றது. 2019-ல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். வேகத்தையும் துள்ளலையும் நம்பி ஆடும் ரைடருக்கு 44 வயதில் இப்படி ஓர் ஆட்டம் நினைத்துப் பார்ப்பதற்கே கஷ்டம். கணிப்பை நம்பி ஆடும் கார்னருக்கு அது முடிந்திருக்கிறது.

ஜகார்த்தாவில் விழுந்த அடி

ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்தது 1990 பீஜிங்கில். அப்போதிருந்து 2014 வரை ஏழு முறை ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். எட்டாவது முறை அப்படி நடக்கவில்லை.

2018 ஆகஸ்ட் 23, ஜகார்த்தா. அரையிறுதியில் இந்தியாவை ஈரான் 27-18 என்று வீழ்த்தியது. அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால் என்று பெயர் சொன்னாலே எதிரணி நடுங்கும் ரைடர்கள் இருந்த அணி மொத்த ஆட்டத்திலும் எடுத்தது 18 பாயின்ட். காரணம், ஃபசலும் அவரது கூட்டாளிகளும் போட்ட பூட்டு. ரைடர் உள்ளே வருகிறார், சங்கிலி நகர்கிறது, விலகுகிறது, திரும்பும் நேரத்தில் மூடிக்கொள்கிறது. இந்திய ரைடர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் போய் மாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் பெண்கள் இறுதிப் போட்டியிலும் இந்தியா ஈரானிடம் 24-27 என்று தோற்றது. அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி! நம்மிடம் இருந்த வித்தையை வெளியே யாரோ ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். நாம் கைதட்டலில் மயங்கி நின்றோம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்துத் தொடங்கிய புரோ கபடி சீசனில் ஃபசலும் சேரலாதனும் மறுபடியும் ஒரே அணியில், யு மும்பாவில், இரண்டு கார்னர்களில் நின்றார்கள். ஒருவர் இந்தியாவைத் தோற்கடித்தவர், இன்னொருவர் இந்தியாவுக்கு உலகக் கோப்பை வென்றவர். ரைடர்கள் பாவம். ஆனாலும் அந்த அணி எலிமினேட்டரிலேயே வெளியேறியது. தடுப்பு மட்டும் இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே!

2.26 கோடி பெஞ்சில்... பையன்கள் களத்தில்

இனி நம் வீட்டுக் கதை. தமிழ் தலைவாஸ் 2017-ல் லீகுக்குள் வந்தது. முதல் இரண்டு சீசன்களில் அஜய் தாக்கூர் கேப்டன். 2019-ல் அவரோடு ராகுல் சௌத்ரியும் சேர்ந்தார். கபடியின் ‘போஸ்டர் பாய்’ என்று கொண்டாடப்பட்டவர். மஞ்சித் சில்லரும் இருந்தார். மூன்று நட்சத்திரங்கள் ஒரே அணியில். முடிவு? 12 அணிகளில் 12-வது இடம்.

2021-22 சீசனில் ரூட்டை மாற்றினார்கள். சாகர் ரதி என்ற இளம் வலது கார்னர் 82 டேக்கிள் பாயின்ட் எடுத்தார். லீகில் அவருக்கு மேலே ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயி மட்டுமே. தடுப்பு கெட்டியானது, ஆனால் பாயின்ட் எடுக்க ஆள் போதவில்லை. 11-வது இடம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். லீக் வரலாற்றில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை.

முதல் ஆட்டம் குஜராத்துடன். சில நிமிடங்களில் பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை.

அத்தோடு தலைவாஸ் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்ததோ வேறு. சாகர் கேப்டன் ஆனார். இடது மூலையில் சாஹில் குலியா. நடுவில் எம்.அபிஷேக், மோஹித், ஹிமான்ஷு. பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். பயிற்சியாளராக அஷன் குமார் வந்தார். ரைடுக்கு நரேந்தர் என்ற புதுமுகம்; அந்த முதல் சீசனிலேயே 243 ரைடு பாயின்ட் எடுத்தார். பின்னால் வரிசை உடையாது என்ற தைரியம் இருந்தால்தான் ஒரு புதுப் பையன் இப்படி பயமில்லாமல் ஏறிப் பாட முடியும். அவன் பிடிபட்டாலும் அவனை மீட்டுக் கொண்டுவர நாலு பேர் இருக்கிறார்கள்.

தலைவாஸ் முதன்முறையாக ப்ளே ஆஃப் போனது. எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை பிரேக்கரில் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேயிடம் 37-39. இரண்டே இரண்டு பாயின்ட்! கோப்பை இன்றுவரை வரவில்லை. ஆனாலும் தலைவாஸின் சரித்திரத்தில் இதுவரை சிறந்த ஆண்டு, 2.26 கோடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஆண்டுதான்.

அடுத்த ஏலத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்து எடுத்தது. ஷாத்லூயியை புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. ரைடருக்கும் டிஃபென்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. சீசன் முடிவில் தெலுங்கு டைட்டன்ஸ் கடைசி இடம். 99 டேக்கிள் பாயின்ட் எடுத்த ஷாத்லூயியின் புனே, 2024 மார்ச்சில் சாம்பியன். அடுத்த சீசனில் அவர் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு மாறினார். 2024 டிசம்பரில் ஹரியானா சாம்பியன்! பவனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தனி ஆளாக அவர் என்ன செய்வார்?

அந்த ஹரியானா இறுதிப் போட்டியை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். எதிரே பாட்னா. அந்த சீசனின் முதல் ரைடர், 301 பாயின்ட் எடுத்த தேவாங்க் தலால் பாட்னாவில். அன்றைய ஆட்டத்தில் பாட்னா மொத்தமாக எடுத்ததே 23 பாயின்ட்தான். ஹரியானா 32.

கடல் தாண்டி அமெரிக்கன் ஃபுட்பாலிலும் அச்சு அசலாக இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அங்கே தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர் என்று ஒரே அணிக்குள் இரண்டு படை. 2013 சீசனில் டென்வர் அணி 606 பாயின்ட் குவித்து சாதனை படைத்தது. சியாட்டில் அணியோ அந்த லீகிலேயே மிகக் குறைவாகப் பாயின்ட் விட்டுக்கொடுத்த அணி. 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதியில் இரண்டும் மோதின. சியாட்டில் 43, டென்வர் 8. தடுப்புதான் கோப்பை வாங்கித் தரும் என்று அந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இப்படிப்பட்ட ஆட்டங்கள்தான் காரணம்.

பர்தீப்பை எங்கே வைப்பது?

இதற்கு எதிராகவும் சாட்சி இருக்கிறது. அதை மறைத்தால் கபடி தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

2017 அக்டோபர், சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கம். ஐந்தாவது சீசன் இறுதி. ஒரு பக்கம் குஜராத். ஃபசல், சுனில் குமார், பர்வேஷ் என்று லீகே பயந்த தடுப்பு. மறுபக்கம் பாட்னா, அதாவது பர்தீப். அந்த சீசனில் மட்டும் 369 ரைடு பாயின்ட். குனிந்து, பிடிக்க வருகிறவர்களின் கைகளுக்குக் கீழே நுழைந்து வெளியேறும் அவருடைய ‘டுப்கி’க்கு அன்றைக்கு மருந்தே இல்லை. பாட்னா 55-38. அடுத்த சீசன் இறுதியிலும் அதே குஜராத். பெங்களூருவின் பவன் ஒருவரே 22 பாயின்ட் எடுத்து கோப்பையைப் பறித்தார்.

ஆக, தடுப்பு இருந்தால் கோப்பை நிச்சயம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. 2025-ல் ஷாத்லூயி குஜராத்துக்குப் போனார். அங்கே அந்த மந்திரம் பலிக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பர்தீப் மாதிரி ஒருவர் அமைவது அதிர்ஷ்டம். பத்தாண்டில் இரண்டு பேர் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அவர் உச்சத்தில் இருப்பது சில வருடங்கள். நாலு பேர் சேர்ந்து கைகோத்து நிற்கப் பழகுவதற்கு அதிர்ஷ்டம் வேண்டாம். நாள்தோறும் சாயங்காலம் ஒரே நேரத்துக்குக் களத்துக்கு வந்தால் போதும்.

காசில்லாத ஊர் அணிக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்கிறது? கிராமப் போட்டிகளில் வெளியூர் ரைடரைக் காசு கொடுத்து இறக்குவது இன்று சர்வசாதாரணம். சாப்பாடு, வண்டிச் செலவு, கையில் ஒரு தொகை. பரிசுப் பணத்தில் பாதி அதற்கே போய்விடும். போட்டி முடிந்ததும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். கார்னரும் கவரும் உள்ளூர்ப் பையன்களாக இருந்தால் அடுத்த வருடமும் அதே மூலையில் நிற்பார்கள்.

உப்பளத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. விளைந்த உப்பை வாரும் நாள் கொஞ்சம். வரப்பைக் காக்கும் நாள்தான் அதிகம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கிப்போன காட்சியை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

பிடிப்பது எப்படி... விழுவது எப்படி?

‘ஏறிப் பாடத் தெரியாதவன் பிடிக்க நிற்பான்’ என்ற நினைப்பு பல ஊர்களில் இன்றும் உண்டு. குண்டாக இருக்கும் பையனை மூலையில் நிறுத்தும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். உண்மையில் கபடியில் அதிகம் படிக்க வேண்டிய பாடம் பிடிதான்.

கார்னருக்குக் கணுக்கால் பிடி, தொடைப் பிடி. கவருக்கு ‘டேஷ்’, அதாவது ரைடரைத் தோளால் இடித்துக் களத்துக்கு வெளியே தள்ளுவது. அப்புறம் ‘பிளாக்’, திரும்பி ஓடும் ரைடரின் பாதையை மறித்து நெஞ்சோடு நிறுத்துவது. இரண்டு பேர் கைகோத்தால் சங்கிலி. ஒருவர் கால் பிடித்த அதே நொடியில் மற்றவர்கள் மேலே விழாவிட்டால் பிடித்தவர் இழுபட்டுப் போவார். அவரோடு சேர்த்து உதவிக்கு வந்து தொட்ட எல்லாரும் அவுட். ஏழு பேரும் ஒரே ஆளைப் பார்த்தபடி, ஒருவர் மூச்சை இன்னொருவர் உணர்ந்து நகர வேண்டிய வேலை இது. பேச நேரமில்லை. ஒரு ரைடுக்கு மொத்தம் 30 விநாடிதான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பேசாமல் பையன்களைக் களத்துக்கு அனுப்புவது தப்பு. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே நடந்த ஒரு கிராமப் போட்டியில் இளம் வீரர் ஒருவர் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். மரக்காணத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது அது. ஓடி வரும் ஒரு உடம்பின் வேகத்தை இன்னொரு உடம்பு வாங்கும் ஆட்டம் இது. கணுக்கால் பிடிக்கும்போது தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியாதவன் ரைடரின் முழங்காலுக்கு நேராகத் தலையைக் கொடுப்பான். டேஷ் அடிக்கும்போது தோளுக்குப் பதிலாகக் கழுத்தை முன்னால் கொண்டு போவான். மேலே விழுகிறவன் முழங்காலை ஊன்றி விழுந்தால் கீழே இருப்பவனின் நெஞ்சு என்ன ஆகும்? ஆக, முறையாகத் தடுப்பு கற்றுக்கொடுப்பது கோப்பைக்காக மட்டுமல்ல. பிடிக்கிறவனும் பிடிபடுகிறவனும் முழுசாக வீட்டுக்குப் போவதற்காகவும்தான்.

மண் களத்துக்கும் மேட் களத்துக்கும் வித்தியாசம் உண்டு. மண்ணில் கால் வழுக்கும். பிடித்தவனும் சேர்ந்து சறுக்கிப் போவான். மேட்டில் ஷூ ஒட்டி நிற்கும். ரைடர் சட்டென்று திரும்புவார், முழங்காலும் சட்டென்று முறுக்கிக்கொள்ளும். மண்ணில் மட்டுமே ஆடிப் பழகிய பையன் மாவட்டத் தேர்வுக்குப் போய் மேட்டில் இறங்கும் முதல் நாளில் திணறுவது இதனால்தான். திறமை இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிற பலருக்கு உண்மையில் இல்லாதது, மேட்டில் ஆடிய அனுபவம்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால்

கபடியால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன கபடி வீரர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியா இரண்டு கபடி தங்கம் வென்றது. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது தமிழக அரசு. பெண்கள் இறுதியில் ஈரானை 75-21 என்று நொறுக்கியதையே எல்லாரும் பேசினார்கள். ஆண்கள் வென்றது 35-32. மூன்றே பாயின்ட். அந்த மாதிரி ஆட்டத்தில் ஒரு பிடி தப்பினால் பதக்கத்தின் நிறமே மாறிவிடும்.

அதே அக்டோபர் 31 அன்று டெல்லியில் புரோ கபடியின் 12-வது சீசன் இறுதி. தபாங் டெல்லியும் புனேரி பல்டனும் கடைசி நிமிடம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். முடியும் தறுவாயில் புனேயின் ரைடர் ஏறி வந்தார். இடது மூலையில் ஃபசல். 2016-ல் நம் சேரலாதனுக்கு எதிர் மூலையில் நின்ற அதே ஃபசல். இந்த லீகில் 500 டேக்கிள் பாயின்ட்களைத் தாண்டிய முதல் ஆள். கை போட்டார். பிடி விழுந்தது. டெல்லி 31-28.

மரக்காணம் பக்கம் பொங்கல் போட்டிக்கு இப்போதே ஆள் சேர்க்கிறவர்கள் வெளியூர் ரைடருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், உள்ளூரில் நாலு பேரைப் பிடித்து இரண்டு மாதம் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். இரண்டு கார்னர், இரண்டு கவர். முதல் இரண்டு வாரம் ரைடரே வேண்டாம். தலையை எந்தப் பக்கம் வைப்பது, எப்படி விழுவது, கழுத்துக்கு என்ன பயிற்சி என்பதோடு ஆரம்பியுங்கள். பயிற்சி கொடுக்கிறவருக்கு அது தெரியுமா என்று கேட்கும் உரிமை பையனை அனுப்பும் அம்மா, அப்பாவுக்கு உண்டு. தெரியாது என்றால், தெரிந்தவர் வரும்வரை கபடி பாடிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடச் சொல்லுங்கள், மூச்சாவது கூடும்.